நான்கு தபால் அட்டைகள்

வீதியில் போகிற போக்கில் கோபுரத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அநேகமாக அந்தச் சிரத்தையோடுதான் நம்மில் பலர் காருக்குக் காற்றும் அடித்துக்கொள்கிறோம். பெட்ரோல் போட்டாயிற்று, பங்கின் ஓரத்தில் காற்றடிக்கும் இடம் காலியாக இருக்கிறது, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும், "காத்து எவ்வளவு சார்?" என்று குழாயைக் கையில் பிடித்தபடி பையன் கேட்கிறான், "வழக்கமா அடிக்கிறதை அடிப்பா" என்று ஆசனத்தை விட்டு அசையாமலே பதில் சொல்கிறோம். அந்த வழக்கம் அவனுடையதா நம்முடையதா என்பதை அவனும் விசாரிப்பதில்லை, நாமும் யோசிப்பதில்லை.

நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன். சென்ற வருஷம் சித்திரை மாதத்தில் கும்பகோணத்துக்குப் பிரயாணம் போக வேண்டியிருந்தபோது, முந்தின நாள் பிற்பகல் வெயிலில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும் வழியில் ஒரு பங்கில் நிறுத்தி, வேண்டிய அளவை எண்ணாகக் கொடுத்துவிட்டால் தானே நிரப்பித் தானே நின்றுவிடும் இயந்திரத்தில் 33 என்று வைக்கச் சொல்லி, நான்கு சக்கரங்களுக்கும் அது 'பீப்' என்று ஒலித்து முடித்ததும், பையன் கையில் பத்து ரூபாயையும் வைத்துவிட்டு நிம்மதியோடு வீடு திரும்பினேன். மறுநாள் விடியற்காலையில், எதையும் தம் கையால் அளந்து பார்த்தாலன்றி நம்பாத சுபாவமுடைய என் மைத்துனர், சட்டைப் பையிலிருந்து பேனாவைப் போன்றதொரு மானியை எடுத்து முன்சக்கரத்தின் வால்வில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, 26தான் இருக்கு" என்றார். மற்ற மூன்றிலும் அப்படியே. பங்கு இயந்திரத்தை நான் வாயாரத் திட்டினேன். குறைந்துபோன 7 பவுண்டில் பெரும்பகுதி என்னுடைய அறியாமையின் கணக்கிலே எழுதப்பட வேண்டியது என்பது பிற்பாடுதான் விளங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், பவுண்டு என்பது என்ன? டயருக்குள் அடைபட்ட காற்று, வெளிக்காற்றைக் காட்டிலும் எவ்வளவு அதிகமாக ஒவ்வொரு சதுர அங்குலப் பரப்பையும் அழுத்துகிறது என்பதைப் பவுண்டு எடையில் சொல்வதே டயர்க்கடைக்காரர்களின் வழக்கு. மானியில் பி.எஸ்.ஐ. என்று பொறித்திருப்பதும் அதுதான். கார்க் கம்பெனி கொடுக்கும் கைப்புத்தகத்தில் 230 கிலோபாஸ்கல் என்றோ 2.3 பார் என்றோ போட்டிருந்தால் பயப்பட வேண்டியதில்லை; அவையும் இந்த 33 பவுண்டேதான்.

இந்த எண்ணின் மகத்துவம் விளங்க வேண்டுமானால் ஒரு சிறிய வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மனிதரும் மூட்டைகளும் உள்பட 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒன்றுக்கு 300 கிலோ. 33 பவுண்டு என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. ஆகவே அந்த 300 கிலோவைத் தாங்குவதற்குத் தரையில் பதிய வேண்டிய பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர். நம்முடைய தபால் அட்டையின் அளவு 14 சென்டிமீட்டருக்கு 9; பெருக்கினால் 126. ரப்பரின் விறைப்பும் சிறிது பாரத்தைத் தாங்குவதால் இதைத் துல்லியமான கணக்கென்று நான் வாதாடமாட்டேன்; ஆயினும் மாமியார், மூன்று குழந்தைகள், முறுக்கு டப்பா, தண்ணீர்க் கூஜா சகிதமாக 100 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பம், பூமியோடு கொண்டிருக்கும் சம்பந்தமெல்லாம் நான்கு தபால் அட்டைகளின் பரப்பே என்பது உண்மை. அந்தப் பரப்பின் உருவத்தை நிர்ணயிப்பது உள்ளிருக்கும் காற்று.

காற்றுக் குறைந்தால் அட்டை பெரிதாகிறது. அது நல்லதுதானே, பிடிப்பு அதிகமாகுமே என்று தோன்றலாம். ஆனால் தரையில் பதியும் பரப்பு பெரிதாக வேண்டுமானால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்க வேண்டும். சாதாரணக் காரின் சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 15 தடவை சுற்றுகிறது. அத்தனை தடவையும் பக்கச்சுவரின் ஒவ்வொரு பாகமும் மடங்கி நிமிர்கிறது. இரும்புக் கம்பியை ஒடிப்பதற்காக மடித்து மடித்து நிமிர்த்தும்போது மடிப்பு விரலைச் சுடுவதை நாம் அறிவோம். ரப்பருக்கும் நூலுக்கும் அதே கதிதான். உஷ்ணம் ஏற ஏற ரப்பருக்கும் அதனுள் புதைந்த இழைகளுக்கும் இடையே உள்ள பற்று தளர்ந்து, கோடைகால நடுப்பகலில், நெடுஞ்சாலையில், பாரம் நிறைந்த வண்டியில், முன்னறிவிப்பு ஏதுமின்றி டயர் வெடிக்கிறது. "வெயிலுக்கு வெடிச்சிடுச்சு" என்று சொல்லி வெயிலின் மேல் பழி போடுகிறோம். வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைத்து வைத்துக்கொள்ளும் விபரீத யோசனையும் நம்மிடையே உண்டு. அதைப் போல எண்ணெயை வார்த்து நெருப்பை அணைக்கப் பார்க்கும் காரியம் வேறில்லை. அதிகக் காற்றும் தோஷமே: அட்டையின் நடுப்பாகம் மட்டும் தரையைத் தொட, டயர் நடுவில் தேய்ந்துபோகும், குறைந்த காற்றிலோ இரண்டு ஓரங்களும் தேயும். தேய்ந்த டயரைப் பார்த்து அதன் சொந்தக்காரருடைய பழக்கத்தைச் சொல்லிவிடும் ரேகை சாஸ்திரிகள் எந்த டயர்க்கடையிலும் இருக்கிறார்கள்.

காற்றை ரப்பருக்குள் அடைத்து அதன்மேல் சவாரி செய்யலாம் என்ற யுக்தி, மோட்டார் வண்டி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1845ஆம் ஆண்டில், ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்து இன்ஜினீயருக்குத் தோன்றி, அவர் அதற்கு உரிமையும் பதிவு செய்துகொண்டார். அக்காலத்தில் அதற்குத் தேவை ஏற்படவில்லை. உலகம் அதை மறந்துவிட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியம் பார்த்துவந்த ஜான் பாய்ட் டன்லப், தம் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து பார்த்த காற்றுச் சக்கரந்தான் பிரசித்தி பெற்றது. 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ வரை சென்று திரும்பிய பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய மோட்டாரை ஓட்டிக் காட்டினார்கள்; வழிநெடுகப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே போனார்கள் என்பது வேறு விஷயம். நம்முடைய சென்னையிலும் இந்தச் சரித்திரத்துக்கு ஒரு சிறு பங்குண்டு: இன்று எம்.ஆர்.எஃப். என்று எல்லோரும் அறிந்த டயர்க் கம்பெனி, 1946இல் திருவொற்றியூரில் குழந்தைகளின் பலூன் செய்யும் தொழிலாகத்தான் ஆரம்பித்தது. அதிலும் இதிலும் சரக்கு ஒன்றே என்று ஒருவர் வேடிக்கையாகச் சொல்லலாம்.

என் 7 பவுண்டின் கதைக்கு வருகிறேன். அடைபட்ட வாயுவின் உஷ்ணம் ஏறினால் அதன் அழுத்தமும் ஏறும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். கார் டயர் விஷயத்தில் அது 10 டிகிரி சென்டிகிரேடுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு என்று கொள்ளலாம். வெயிலில் ஓடிக் களைத்து வந்த டயருக்குள் 55 டிகிரி இருந்திருக்கக் கூடும். விடியற்காலையில் அது 28க்கு இறங்கியபோது, ஒரு துளிக் காற்றும் வெளியே போகாமலே 4 பவுண்டு மறைந்துவிட்டது. மிச்சம் 3 பவுண்டுதான் அந்த இயந்திரத்தின் பொய். டயரின் சரியான அளவென்று கம்பெனி சொல்வதெல்லாம் குளிர்ந்த டயருக்குச் சொல்வது. மூன்று மணி நேரமாவது நின்ற வண்டி, அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வண்டி, இவற்றின் டயரைத்தான் குளிர்ந்த டயர் என்பார்கள். ஆகவே அளப்பதற்கு உத்தமமான வேளை, வாசலில் கோலம் போடும் வேளையே.

ஆனால் பம்ப் பங்கில் அல்லவா இருக்கிறது, அங்கே போவதற்குள் டயர் சூடாகிவிடுமே என்று கேட்பீர்கள். அதற்கும் வழி உண்டு. வீட்டில் காலையில் அளந்து பார்த்ததில் 33க்குப் பதிலாக 29 இருந்தது, அதாவது 4 குறைவு, என்று குறித்துக்கொள்ளுங்கள். பங்குக்குப் போய், அதே மானியால் மறுபடியும் அளந்தால் இப்போது 31 காட்டலாம். அதனோடு 4ஐக் கூட்டி, 35 வரும்வரை அடிக்கச் சொன்னால், மறுநாள் காலையில் 33 தானாக வந்து நிற்கும். சூடான டயரில் அதிகம் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுவது மட்டும் கூடாது.

உஷ்ணத்தோடு உயரமும் சேர்ந்தால் கணக்கு இன்னும் ருசிக்கும். மேட்டுப்பாளையத்தில் சரியாகக் காற்றடித்துக்கொண்டு, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்துக்கு ஏறுகிறவரின் டயர், மலைமேல் என்ன காட்டும்? மானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தையே. மேலே போகப் போக வெளிக்காற்று மெலிந்து போவதால், அந்த ஒரு காரணத்தினாலேயே மானி ஏறக்குறைய 3 பவுண்டு அதிகம் காட்ட வேண்டும். ஆனால் சமவெளியின் புழுக்கத்தை விட்டு 15 டிகிரி குளிர்ச்சிக்குள் போயிருக்கிறோம். அதனால் இரண்டரைப் பவுண்டு குறைய வேண்டும். கூட்டிக் கழித்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட, இரவு முழுதும் ஏரிக்கரையில் குளிர்ந்து நின்ற வண்டியின் மானி மறுநாள் காலையில் ஏறத்தாழக் கீழே காட்டிய எண்ணையே காட்டுகிறது. இயற்கை இப்படித் தாட்சண்யம் காட்டும் சந்தர்ப்பங்கள் அபூர்வம்.

நம் வண்டிக்கு எந்த எண் என்பதை எங்கே பார்ப்பது? ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணிலோ, சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. தனியே போவதற்கு ஓர் அளவும், முழுப் பாரத்தோடு போவதற்கு மற்றோர் அளவும், முன்பின் சக்கரங்களுக்குத் தனித்தனியே அதில் அச்சிட்டிருக்கும். டயரின் பக்கச்சுவரிலேயே பொறித்திருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது; அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சவரம்பு, நமக்கான சிபாரிசு அன்று.

மானி எதற்கு, கண்ணால் பார்த்தால் தெரியாதா என்பவர்கள் பழைய காலத்து டயரின் பழக்கத்தில் பேசுகிறவர்கள். இன்றைய ரேடியல் டயரின் பக்கம், காற்றுச் சரியாக இருக்கும்போதும் சற்றே பிதுங்கித்தான் நிற்கும். 33க்கும் 26க்கும் உள்ள பேதத்தை அதில் கண்டுபிடிக்க எந்தக் கண்ணாலும் ஆகாது. சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, வால்டியூப் மாற்ற வேண்டுமா என்று தீர்மானித்த அந்த வாலிபத் திறமையும் இங்கே செல்லாது. லாரிக்காரர்கள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்கிறார்களே என்றால், இரட்டைச் சக்கரத்தில் உள்ளே மறைந்திருக்கும் ஒன்று அடியோடு காற்றிழந்துவிட்டதா என்று அறியத்தான் அந்தத் தட்டு உதவும். பவுண்டுக் கணக்கு அதில் கிடைக்காது.

ஆகவே மானி வேண்டும்; அதுவும் சொந்தமாக வேண்டும். கடைகளில் மூன்று வகை கிடைக்கின்றன. என் மைத்துனர் வைத்திருக்கும் பேனா வகையில், வால்விலிருந்து வரும் காற்று ஒரு சுருள்வில்லை எதிர்த்துத் தள்ள, அளவு பொறித்த குச்சி ஒன்று பின்பக்கமாக வெளியே நீளுகிறது. மலிவானது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வது, ஆனால் ஓரிரண்டு பவுண்டு வித்தியாசத்தை அதில் படிக்கக் கூரிய கண் வேண்டும். முள் வைத்த வட்ட மானி, 1849இல் யூஜீன் போர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் உரிமை பெற்ற யுக்தியின் சந்ததி: திருவிழாக் கடையில் குழந்தைகள் ஊதும்போது சுருள் விரிந்து நீளுகிற காகிதப் பீப்பியைப் போல, அதனுள்ளே வளைத்து வைத்திருக்கும் தட்டையான உலோகக் குழாய், அழுத்தம் புகுந்ததும் நிமிரப் பார்க்க, அந்த நிமிர்ச்சி பற்சக்கரத்தின் வழியாக முள்ளைத் திருப்புகிறது. படிப்பதற்குச் சுகமானது; ஆனால் ஒரு முறை சிமெண்டுத் தரையில் விழுந்தால் அதன் வார்த்தையை அப்புறம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். இதை வாங்கும்போது 60 பவுண்டு வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குவது நலம். 33 அதில் முகப்பின் நடுமத்தியில் விழும், அங்கேதான் முள் மிக யோக்கியமாக நடந்துகொள்ளும். 200 பவுண்டு வரை காட்டுவதில் நமக்கு வேண்டியதெல்லாம் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது மின்கலத்தில் வேலை செய்யும் எண்மானி. நல்லதாயின் இதுவே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் 32.7 என்று தசமஸ்தானம் வரை காட்டுவதைக் கண்டு அது சத்தியசந்தன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பொய் சொல்கிறவர்களும் நிமிஷக் கணக்கோடு சொல்வதுண்டு. எந்த மானியானாலும் இரண்டு பரீட்சைகள் வைக்கலாம். ஒரே டயரில் அடுத்தடுத்து மூன்று முறை அளந்தால் மூன்று முறையும் ஒன்றே காட்டுகிறதா என்பது ஒன்று. வேறு இரண்டொரு மானிகளோடு ஒத்துப்போகிறதா என்பது மற்றொன்று. நிலையாக ஒரு பவுண்டு கூட்டியே சொல்கிற மானியோடு குடித்தனம் நடத்திவிடலாம், அதன் குணம் நமக்குத் தெரியும். வேளைக்கு ஒன்று சொல்கிற மானியோடு முடியாது.

பம்ப் விஷயத்தில் நான் கண்டுகொண்டது, நிரப்புவது வேறு, அளப்பது வேறு என்பதே. பம்பின் மேலேயே ஒரு முள்மானி இருந்தாலும், காற்றுப் பாய்ந்துகொண்டிருக்கும்போது அது காட்டுவது குழாயிலுள்ள அழுத்தத்தைத்தான். நிறுத்தி, கழற்றி, நம் மானியால் அளந்து பார்த்ததுதான் கணக்கு. காலால் மிதிக்கும் பம்பைக் கேவலமாக எண்ண வேண்டாம். டயருக்குள் 30 லிட்டர் கொள்ளளவு என்று வைத்தால், 5 பவுண்டு ஏற்றுவதற்கு வெளிக்காற்றில் 10 லிட்டர் வேண்டும். அரை லிட்டர் உருளையுள்ள பம்பில் இருபது மிதி, கசிவுக்காக இன்னும் ஐந்தாறு. நான்கு சக்கரத்துக்கும் மிதித்து முடித்தால் காலைக் காப்பி தனி ருசியோடு இறங்குகிறது. அவ்வளவு பிரயாசைப்பட மனமில்லாதவர்களுக்கு, காரின் 12 வோல்ட் துளையில் செருகும் சிறிய மின்பம்புகள் இருக்கின்றன. இவை கணிசமான மின்சாரம் இழுப்பதால் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே உபயோகிப்பது வழக்கம். ஆனால் மூடிய ஷெட்டுக்குள் அப்படிச் செய்தால் விஷப்புகை ஆளையே கொன்றுவிடும். பத்து நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் இளைப்பாறவும் விட வேண்டும். காற்றை நெருக்கும்போது சூடு பிறப்பதால், கடைசியில் வால்விலிருந்து திருகிக் கழற்றும் பித்தளை முனை விரலைச் சுட்டுவிடும். என் ஆள்காட்டி விரல் அதற்குச் சாட்சி. சொந்த பாட்டரியோடு வருகிற கைப்பம்புகள் மிகவும் சௌகரியமானவை. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளேயே அவற்றை மாதக்கணக்கில் போட்டு வைத்தால் பாட்டரி சீக்கிரம் கிழடாகிவிடும்.

அமெரிக்காவில் ஷ்ரேடர் என்ற பெயரில் 1893இல் உரிமை பெற்ற வால்வுதான் அற்ப மாறுதல்களோடு இன்றும் நம் சக்கரங்களில் இருக்கிறது. காற்றடித்து முடித்ததும், பழைய மெக்கானிக்குகள் விரல்நுனியில் எச்சில் தொட்டு அதன் வாயில் வைத்து, குமிழி எழுகிறதா என்று பார்ப்பார்கள். அருவருப்பாக இருந்தாலும் அதைக் காட்டிலும் லேசான பரிசோதனை இல்லை, வேண்டுமானால் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்தச் சிறிய மூடியைப் போட மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் புழுதி புகுந்து, உள்ளிருக்கும் ஊசி சரியாக உட்காராமல், மெள்ள மெள்ளக் கசியத் தொடங்கும்.

கசிவே இல்லாத டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு இழக்கிறது. காற்று ரப்பரின் ஊடாகவே கசிந்து போய்விடுகிறது. நைட்ரஜன் அடித்தால் இழப்புக் கொஞ்சம் குறையும் என்பது மெய். ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்பதையும், உஷ்ணத்துக்கு அதுவும் மற்ற வாயுக்களைப் போலவே விரிகிறது என்பதையும் யோசித்தால், அதற்குக் கொடுக்கும் பணம் பையிலேயே இருக்கலாமென்று தோன்றுகிறது. புதிய வண்டிகளில் காற்றுக் குறைந்தால் விளக்கு எரிகிறதே என்பாரும் உண்டு. அமெரிக்காவின் சட்டம் அந்த விளக்குக்கு விதித்திருக்கும் எல்லை, சீட்டிலுள்ள அளவில் கால் பங்கு குறைவது. 33 பவுண்டு டயர் 25க்கு வந்தபிறகு எரிந்தாலும் சட்டப்படி அது தன் கடமையைச் செய்ததாகிறது. நான் கும்பகோணத்துக்குப் புறப்பட இருந்த 26 பவுண்டில் அது அமைதியாகவே இருந்திருக்கலாம்.

இவ்வளவும் அறிந்துகொண்டு, ஒரு நல்ல எண்மானியும் கால்பம்பும் வாங்கி, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று விடியற்காலையில் நான்கு சக்கரங்களையும் கிரமமாக அளந்து ஒரு சிறு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். ஆறு மாதம் கழித்து ஒருநாள் மைத்துனர் அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி மாப்பிள்ளை, ஸ்டெப்னி எங்கே?" என்றார். வேல்ஸ் தேசத்து லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி வீதியில், 1904இல் பிறந்த மாற்றுச் சக்கரம் ஒன்றின் பெயர் அது. பிறந்த தேசத்தில் மறந்துபோன பிறகும் நம்மூரில் சிரஞ்சீவியாக இருக்கிறது. பின்பக்கத்தைத் திறந்து, பழைய பத்திரிகைக் கட்டு, குடை, கோணிப்பை எல்லாவற்றையும் இறக்கி வைத்து, பலகையைத் தூக்கி, வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத அந்த ஐந்தாவது சக்கரத்தின் வால்வில் மானியை வைத்தேன். 11.4 என்று காட்டியது.